சேறு, மழை, உப்புக்காற்று: பள்ளிக்கு நீர்புகாக் கேமராவா, சூப்பர்ஜூமா?

கோடிக்கரை ஆசிரியர்

எல்லோருக்கும் வணக்கம். வேதாரண்யம் வட்டாரத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு ஒரு கேமரா வாங்க முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். 60,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். லென்ஸ் மாற்றும் கேமரா வேண்டாம். உப்புக்காற்றில், பிள்ளைகளுக்கு நடுவே நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவது நடக்காத காரியம்.

மனது இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒன்று, ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி தண்ணீர் புகாத, விழுந்தாலும் உடையாத சின்னக் கேமரா. இன்னொன்று, நிக்கான் பி950 மாதிரி தூரத்துப் பறவையைப் பக்கத்தில் கொண்டுவரும் சூப்பர்ஜூம். நாங்கள் போகும் இடங்கள்: கோடிக்கரை சரணாலயம், உப்பளங்கள், முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. எல்லாமே சேறும் உப்பும்தான். பறவைகள் வருவது ஐப்பசி தொடங்கி, அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே நேரத்தில். அதனால் நீர்புகாக் கேமராதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் பறவைக்கு அது உதவுமா என்ற கேள்வியும் விடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பவளத்திட்டு

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன் சார். மன்னார் வளைகுடாப் பக்கம் முக்குளிப்பது என் வழக்கம். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்றால் டிஜி வரிசைதான்.

15 மீட்டர் ஆழம் வரை உறை இல்லாமலே இறக்கலாம். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 100 கிலோ எடை மேலே அழுத்தினாலும் தாங்கும் என்று உற்பத்தியாளரே சொல்கிறார். எடை கால் கிலோதான். ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது. எல்லாமே உடலுக்குள் நகர்வதால் மணல் சிக்க வழியில்லை. சேறு பட்டால் குழாயைத் திறந்து கழுவிவிடலாம். இதை எந்த சூப்பர்ஜூமிலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அதைவிட முக்கியம், அதன் மைக்ரோஸ்கோப் முறை. லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருப்பதைக்கூடத் துல்லியமாகப் பிடிக்கும். பூச்சியின் கண், இலையின் ரோமம், உப்புப் பரலின் விளிம்பு எல்லாம் திரை முழுக்க வரும். நீங்கள் அறிவியல் ஆசிரியர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

2019இல் வந்த டிஜி-6 பழையதாகக் கிடைத்தாலும் தயங்காதீர்கள். 2023இல் வந்த டிஜி-7க்கும் அதற்கும் படத் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் 12 மெகாபிக்சல்தான். யுஎஸ்பி-சி வந்திருக்கிறது, பிடிமானம் கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உப்பளத்துக் குருவி

பவளத்திட்டு அண்ணன் சொன்னது அவர் கடலுக்குப் பொருந்தும். ஆசிரியர் இருப்பது கோடிக்கரைப் பக்கம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002இலேயே சேர்ந்த இடம் அது. பூநாரையும் ஆலாவும் உள்ளான்களும் கூட்டம் கூட்டமாக இறங்கும் ஊரில் இருந்துகொண்டு 4 மடங்கு ஜூம் உள்ள கேமராவை வாங்குவதா?

டிஜியின் ஜூம் 25 முதல் 100 மி.மீ. வரைதான் (இந்த எண் பெரிதாக இருந்தால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). இன்றைக்கு மூன்று கேமரா வைத்த ஃபோன்களே அந்த எல்லையைத் தொட்டுவிடுகின்றன. பி950 போவது 24 முதல் 2000 மி.மீ. வரை. பூநாரைக் கூட்டத்தை டிஜியில் எடுத்தால் அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பி950இல் வளைந்த அலகின் கறுப்பு நுனி தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கோடிக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறார்கள். உள்ளான்கள் என்ற கரையோரப் பறவைகளின் காலில் சிறிய கொடியும் அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்த எழுத்தை ஒரு மாணவர் படம் எடுத்துப் படித்துவிட்டால், அந்தப் பறவையை எங்கே, எப்போது பிடித்துக் கொடி கட்டினார்கள் என்பது தெரியவரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எடுத்த படம் உண்மையான ஆய்வுத் தரவாக மாறும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பள்ளி கலந்துகொண்டால், சந்தேகமான பறவையை அடையாளம் காணவும் அந்தப் படமே சாட்சி.

நிலாவெளிக்காரன்

நான் திருகோணமலை. ஆசிரியரிடம் ஒரேயொரு கேள்வி. உங்கட பக்கத் தண்ணி தெளிவோ, கலங்கலோ?

ஏன் கேக்கிறன் எண்டால், எங்கட நிலாவெளியில இருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில புறாத்தீவு இருக்கு. சித்திரை, வைகாசியில கடல் அடங்கினாப் பிறகு, இடுப்பளவு தண்ணியிலேயே பவளப்பாறை, கறுப்பு நுனிச் சுறாக் குட்டி எல்லாம் தெரியும். என்னட்ட இருக்கிறது டிஜி-6. அந்த இடத்துக்கு அதைவிட நல்ல கமரா எனக்குத் தெரியாது. ஆனால் மார்கழியில அதே கடல் கலங்கிப்போய்க் கிடக்கும். அப்ப அந்தக் கமராவை நான் வெளியில எடுக்கிறதே இல்லை. நீர் புகாத கமரா வாங்குறவை ஆழத்தைப் பாக்கினம், தெளிவைப் பாக்கிறேல்ல. 15 மீற்றர் போகலாம் எண்டாலும், அரை மீற்றருக்கு அங்கால ஒண்டும் தெரியாட்டி என்ன பிரயோசனம்?

தண்ணிக்குள்ள இன்னொரு விஷயம். கமராவுக்கும் மீனுக்கும் இடையில எவ்வளவு தண்ணி இருக்கோ, அவ்வளவுக்குப் படம் மங்கும். சிவப்பு நிறம் முதல் சில மீற்றரிலேயே போயிடும். மண் மிதக்கிற தண்ணியில ஃப்ளாஷ் போட்டால் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியா விழும். அதாலதான் தண்ணிக்குள்ள ஜூமுக்கு வேலை இல்லை. கிட்டப் போறதுதான் ஒரே வழி.

கோடிக்கரை ஆசிரியர்

நிலாவெளிக்காரர் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. எங்கள் பக்கம் பாக் நீரிணை. வண்டல் கலந்த கலங்கல் தண்ணீர். அலையாத்திக்காட்டு வாய்க்காலில் முழங்கால் ஆழத்தில் நின்றால் பாதம் தெரியாது. தண்ணீருக்குள் படம் எடுக்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை என்றே சொல்லலாம். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் பிள்ளைகளை அழைத்துப்போவது ஆண்டுக்கு ஒருமுறை நடந்தாலே பெரிய விஷயம்.

ஆனால் சேறும் மழையும் இருக்கிறதே? முத்துப்பேட்டையில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக, சிவப்பாக இருக்கும் சின்ன நண்டுகள் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. சேற்றின் மேலே தத்தித் திரியும் மீன்கள் இருக்கின்றன. கிட்டப்போய் எடுக்க நீர்புகாக் கேமரா வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

காலில் கட்டிய கொடி பற்றிக் குருவி சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். கொடியின் உயரம் 1 செ.மீ., பறவை நிற்பது 60 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தையும், படத்தைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதையும் வைத்தால், அந்தக் கொடி படத்தில் எத்தனை பிக்சல் உயரம் வரும் என்று தெரிந்துவிடும். (2000 மி.மீ. என்று பெட்டியில் எழுதுவது 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஒப்பான எண். பி950 லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ.)

டிஜி-7: 2 பிக்சல்.
பானசோனிக் எஃப்இசட்300 (600 மி.மீ.): 12 பிக்சல்.
சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (600 மி.மீ., பெரிய சென்சார்): 15 பிக்சல்.
கேனான் எஸ்எக்ஸ்70 (1365 மி.மீ.): 35 பிக்சல்.
நிக்கான் பி950: 44 பிக்சல்.
நிக்கான் பி1000 (3000 மி.மீ.): 67 பிக்சல்.

கொடியில் இரண்டு மூன்று எழுத்து இருக்கும். ஒரு எழுத்தைப் படிக்கவே குறைந்தது ஏழெட்டு பிக்சல் வேண்டும். காற்று, கை நடுக்கம் எல்லாம் சேர்ந்தால் அதற்கும் மேல். 2 பிக்சலில் எழுத்து இருப்பதே தெரியாது. 12, 15 என்பது கொடி இருக்கிறது, நிறம் இன்னது என்று சொல்ல உதவும். படிக்க வேண்டும் என்றால் 35க்கு மேல் போக வேண்டும்.

வெளிச்சத்தையும் பார்த்துவிடுவோம். குவியத்தூரத்தை, லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணால் (அது சிறிதாக இருந்தால் வெளிச்சம் கூடுதலாக நுழையும்) வகுத்தால் லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்று வரும். பி950: 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. சோனி: 220ஐ 4ஆல் வகுத்தால் அதே 55 மி.மீ. அதாவது தூரத்துப் பறவையிடமிருந்து இரண்டு கேமராவும் வாங்கிக்கொள்வது ஒரே அளவு வெளிச்சம். சோனியின் சென்சார் நான்கு மடங்கு பெரியது என்பதன் பலன், பறவை படம் முழுவதையும் நிறைக்கும் அளவுக்குக் கிட்டே இருந்தால்தான் கிடைக்கும். டிஜிக்கு ஜூம் முனையில் இந்த வாய் 4 மி.மீ.கூட இல்லை. அது அந்தக் கேமராவின் குறை அல்ல. உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய முடியும்.

அங்குல சென்சார்

இருந்தாலும் ஆர்எக்ஸ்10 மார்க் 4ஐ இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பறக்கும் ஆலாவை எடுத்துப் பாருங்கள். ஃபோகஸ் பிடிக்கும் வேகம், நொடிக்கு 24 படம், தூசும் தூறலும் தாங்கும் உடல்கட்டு எல்லாம் அதில் இருக்கிறது. பி950 பறக்கும் பறவையில் தடுமாறும்.

கணக்குப்பிள்ளை

உண்மைதான். பறக்கும் பறவைக்கு அதுதான் மேல். ஆனால் 2017இல் வெளிவந்தபோதே அதன் விலை 1,700 டாலர். ஆசிரியர் கையில் இருப்பதைவிட மிக அதிகம். நிற்கும் பறவையை எடுக்கப் பிள்ளைகள் முதலில் பழகட்டும்.

பவளத்திட்டு

கணக்கு சரி. பறவைக்கு டிஜி உதவாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பள்ளி என்றால் பறவை மட்டுமா? பறவையைப் பார்க்க நல்ல பைனாகுலர் ஒன்று, 8x42 அளவில் (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.), வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நுண்ணிய உலகத்தைக் காட்ட டிஜியை விட்டால் வேறு எது இருக்கிறது? நண்டு, சேற்றுமீன், நத்தை, பாசி எல்லாம் காலடியிலேயே இருக்கிறதே.

உப்பளத்துக் குருவி

பைனாகுலர் வாங்கச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள அதுதான் முதல் கருவி, எந்தக் கேமராவும் அதற்கு ஈடாகாது. கேமராத் திரையில் பறவையைத் தேடிக்கொண்டே இருக்கும் பிள்ளை அதன் நடையையும் இரை தேடும் விதத்தையும் கவனிக்காமல் விட்டுவிடும்.

நுண்ணிய உலகத்துக்கு வேறு வழி இருக்கிறது. காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி பற்றி ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். 140 மடங்கு பெரிதாக்கும், ஃபோனோடு ஒட்டிப் படமும் எடுக்கலாம். ஃபோனில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் மலிவாகக் கிடைக்கிறது. டிஜி அளவுக்கு வசதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பறைக்கு வேலை நடக்கும். 60 மீட்டர் தள்ளி நிற்கும் உள்ளானுக்கு அப்படி மலிவான மாற்று எதுவும் இல்லை.

அப்புறம் அந்த நண்டு. ஆசிரியரே, ஒரு தடவை ஃபோனை எடுத்துக்கொண்டு போய், எவ்வளவு தூரம் வரை நெருங்க விடுகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.

கோடிக்கரை ஆசிரியர்

பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மன்றப் பிள்ளைகள் சிலரும் கூட வந்தார்கள். நாங்கள் நாலைந்து எட்டு வைத்ததுமே அந்தக் கரை முழுக்கக் காலியானது. ஒரு நண்டு மிஞ்சவில்லை. வளைக்குள் போனது போனதுதான். அசையாமல் நின்றால் சில நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன, கொஞ்சம் கை அசைந்தாலும் மறுபடி உள்ளே. சேற்றுமீன் அதைவிட உஷார். பக்கத்தில் போய் எடுக்கலாம் என்று நான் நினைத்திருந்த உயிர்கள் எல்லாமே மூன்று நான்கு மீட்டருக்கு இந்தப் பக்கம் நம்மை விடுவதில்லை. 1 செ.மீ. கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கும் கேமராவை வைத்துக்கொண்டு அவற்றை என்ன செய்வது?

நத்தை, சிப்பி, பாசி ஆகியவற்றுக்கு டிஜி கட்டாயம் சிறப்பு. ஆனால் ஓடுகிற, பறக்கிற எதற்கும் தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸ்தான் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

உப்பளத்துக் குருவி

அதேதான். ஒரு சின்ன எச்சரிக்கை: பி950இல் முழு ஜூமில் 5 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் பிடிக்காது. நண்டு 3 மீட்டரில் இருந்தால் ஜூமைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். கரையில் உட்கார்ந்துகொண்டு, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, திரையைத் திருப்பி மேலிருந்து பார்த்து எடுக்கலாம். நண்டின் கண் மட்டத்திலேயே படம் வரும். நின்றுகொண்டு எடுத்த படத்துக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த உள்ளான்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பப் போவதற்கான கொழுப்பை இங்கே சேர்த்துக்கொள்பவை. படத்துக்காக நாம் நெருங்கி நெருங்கிப் போய் ஒவ்வொரு முறையும் கூட்டத்தை எழுப்பிவிட்டால், அவை இரை எடுக்கும் நேரமும் போகிறது, சேர்த்த சக்தியும் போகிறது. நீண்ட ஜூம் இருந்தால் பிள்ளைகள் கரையிலேயே நிற்பார்கள். எனக்குப் படத்தின் தரத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

நிலாவெளிக்காரன்

ஆசிரியருக்கு சூப்பர்ஜூம்தான் எண்டு எனக்கும் இப்ப விளங்குது. நான் கேட்ட கேள்விக்கே பதில் கிடைச்சிட்டுது. ஆனால் இதை வாசிக்கிற எங்கட பக்கத்து ஆக்கள், ராமேஸ்வரம், தூத்துக்குடி ஆக்கள், அந்தமான் போற ஆக்கள் பிழையா விளங்கக் கூடாது. தெளிஞ்ச தண்ணியும் பவளமும் இருக்கிற இடத்துக்கு பி950ஐக் கொண்டுபோய் என்ன செய்யிறது? அங்க நீர் புகாத கமராதான்.

ஃபோனே காணும் எண்டு சிலர் சொல்லுவினம். ஃபோனில தண்ணி புகாது எண்டு காட்ட ஐபி68 எண்டு எழுதியிருக்கிறது நல்ல தண்ணியில, அசையாமல் வச்சுச் செய்த சோதனை. உப்புத் தண்ணிக்கு உத்தரவாதம் இல்லை. தண்ணிக்குள்ள தொடுதிரையும் வேலை செய்யாது. பொத்தான் உள்ள கமராவின்ர அருமை அங்கதான் தெரியும்.

மழைக்காதலி

யாரும் மழையைப் பற்றி முடிவாகப் பேசவில்லையே? பி950, எஸ்எக்ஸ்70 இரண்டுக்கும் மழை தாங்கும் அடைப்பு கிடையாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் எப்படி எடுப்பது? எஃப்இசட்300 தூறலும் தூசும் தாங்கும், 600 மி.மீ. வரை முழுக்க எஃப்2.8. மழைக்கால மங்கல் வெளிச்சத்தில் அது பெரிய வரம் இல்லையா?

மதுரை மெக்கானிக்

நான் கேமரா பழுது பார்ப்பவன். எந்த நிறுவனம், எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. மேசைக்கு வரும் கேமராக்கள் எதனால் செத்து வருகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீர்புகாக் கேமரா சாவது ஆழத்தில் அல்ல, கதவில். பேட்டரிக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரு தலைமுடியோ ஒரு மணல் பரலோ ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கடற்கரையில் நின்று கதவைத் திறக்கவே கூடாது. கடல் தண்ணீரில் நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பொத்தான்களை அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்ற வேண்டும். அந்த ரப்பர் அடைப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும். செய்பவர்கள் ரொம்பக் குறைவு. நீர்புகா என்பது வாங்கிய நாளில் இருக்கும் குணம். அதைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. முப்பது பிள்ளைகள் கை மாறும் பள்ளியில் அந்தக் கதவை யார் திறந்தார்கள், எங்கே திறந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சூப்பர்ஜூமின் எதிரி மழையைவிடத் தூசும் ஈரக்காற்றும்தான். லென்ஸ் நீளும்போதும் உள்ளே போகும்போதும் துருத்தி மாதிரி காற்றை இழுத்து விடும். உப்பளத்துக் காற்றில் அதோடு உப்பும் ஈரமும் உள்ளே போகும். உள்ளே போன ஈரம் பூஞ்சையாகும். அதனால் இரண்டு வேலை கட்டாயம். களத்திலிருந்து வந்ததும் நீண்ட நிலையிலேயே லென்ஸ் குழாயை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே இழுக்க வேண்டும். அப்புறம், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்க வேண்டும். நிறம் மாறும் சிலிகா ஜெல் வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்துவது என்று பிள்ளைகளுக்கே தெரியும். பள்ளி பீரோவில் தோல் பையோடு பூட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே லென்ஸ் போய்விடும்.

மழையைப் பற்றி: எஃப்இசட்300 தூறலைத் தாங்கும் என்பது சரி. ஆனால் மேலே போட்ட கணக்கில் அதற்கு 12 பிக்சல். கொடி படிப்பதுதான் குறி என்றால் அது போதாது. கொட்டும் மழையில் பிள்ளைகளை உப்பளத்துக்கு யாரும் கூட்டிப்போகப் போவதில்லை. விட்டு விட்டுப் பெய்யும் தூறலுக்கு ஒரு பெரிய குடை, கேமரா மேல் லென்ஸ் முனையில் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பை, இவை போதும்.

உப்பளத்துக் குருவி

மெக்கானிக் அண்ணன் சொன்ன துருத்திக் காற்றோடு இன்னொரு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கானல். வெயில் ஏறிய பிறகு உப்பளத் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று படத்தை நெளிய வைக்கும். 2000 மி.மீ.யில் பார்த்தால் பறவை தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் ஆடும். புது ஆட்கள் ஃபோகஸ் சரியில்லை, கேமரா மட்டம் என்று திட்டுவது பெரும்பாலும் இதனால்தான். எந்த விலைக் கேமராவும் கானலை ஜெயிக்காது. விடிந்ததும் போய், ஒன்பது மணிக்குள் தூரத்துப் படங்களை முடித்துவிடுங்கள். மேகமூட்டமான நாளில் கானல் குறைவு. அந்த வகையில் நம் பறவைக்காலம் மழைக்காலமாக இருப்பது நல்லதுகூட.

முழு ஜூமில் பறவையைப் படத்துக்குள் கொண்டுவருவதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும். பி950, அதற்கு முந்தைய மாடலான பி900 இரண்டின் லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று அகலமாகும், பறவை எங்கே என்று பார்த்துவிட்டு விட்டால் பழைய ஜூமுக்கே போய்விடும். முதல் நாளே அதைப் பழக்கிவிடுங்கள். டிரைபாட் வேண்டாம், சேற்றில் இறங்கிவிடும். பழைய துணிப்பையில் மணல் கட்டி உப்பளக் கரைமேல் வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தால் ஒரு கிலோ எடையும் கையை வலிக்காது.

பவளத்திட்டு

சார், நீங்கள் சூப்பர்ஜூமே வாங்குங்கள். பிள்ளைகள் கரையிலேயே நிற்பார்கள் என்று குருவி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. முக்குளிப்பில் நாங்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான், பவளத்தைத் தொடாதே, காலை ஊன்றாதே என்று. தூத்துக்குடிப் பக்கம் பிள்ளைகளோடு வரும்போது இங்கே எழுதுங்கள். என் டிஜி-6ஐக் கொண்டுவருகிறேன். மாசி, பங்குனியில் வாருங்கள், அப்போதுதான் தண்ணீர் தெளிந்திருக்கும்.

கோடிக்கரை ஆசிரியர்

முடிவு செய்துவிட்டோம். சூப்பர்ஜூம். அதோடு 8x42 பைனாகுலர் ஒன்று, ஃபோல்ட்ஸ்கோப் சில. மூன்றும் 60,000க்குள் வர வேண்டும் என்றால் கேமராவைப் பழையதாகத்தான் வாங்க வேண்டும். சென்னையில் ஒருவரிடம் பி900ம் இன்னொருவரிடம் பி950ம் இருப்பதாக முன்னாள் மாணவர் ஒருவர் சொல்கிறார். எதை எடுப்பது? வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மதுரை மெக்கானிக்

லென்ஸ் இரண்டிலும் ஒரே 24–2000 மி.மீ. தான். பி900 2015இல் வந்தது. பி950 2020இல் வந்தது, அதில் ரா கோப்பும் (பிறகு திருத்த வசதியான, சுருக்கப்படாத படக் கோப்பு) 4கே வீடியோவும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு உதவப்போவது அதன் வியூஃபைண்டர்தான். பி900இல் இருப்பதைவிட இரண்டரை மடங்கு கூடுதல் புள்ளிகள். வெயிலில் பின் திரை தெரியாதபோது கண்ணை வைத்துப் பார்ப்பது அதில்தான். அதனால் விலை ஒத்துவந்தால் பி950. பேட்டரி வேறு வேறு, பி900க்கு இஎன்-இஎல்23, பி950க்கு இஎன்-இஎல்20ஏ. மாற்றி வாங்கிவிடாதீர்கள். பி950 ஒரு சார்ஜில் 290 படம்தான் தாக்குப்பிடிக்கும், இன்னொரு பேட்டரி கட்டாயம்.

பார்க்கும்போது ஜூமை முழுக்க நீட்டி, முழுக்க உள்ளே இழுத்து, அதைப் பல தடவை செய்யுங்கள். நடுவில் திக்கினாலோ, நறநறவென்று சத்தம் வந்தாலோ விட்டுவிடுங்கள், உள்ளே மணல் இருக்கும். நீட்டிய நிலையில் குழாயை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சிறிது ஆட்டம் இயல்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது விழுந்த கேமரா. எஃப்8இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் ஒட்டிய தூசு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இந்தக் கேமராவில் அதைத் துடைக்க முழுக்கப் பிரிக்க வேண்டும். முன்லென்ஸில் ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. பேட்டரி அறையில் பச்சை படிந்திருந்தால் ஈரம் பட்டது. கடைசியாக, தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப்பலகை எதையாவது 2000 மி.மீ.யில் எடுத்து, எழுத்து நான்கு மூலையிலும் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் போய்ப் பாருங்கள், மத்தியானம் போனால் கானலையும் லென்ஸ் கோளாறையும் பிரித்தறிய முடியாது.

வாங்கியதும் 67 மி.மீ. அளவில் ஒரு சாதாரண யூவி ஃபில்டர் மாட்டிவிடுங்கள். உப்புத் துளி படுவது அதன்மேல் படட்டும், துடைத்துத் துடைத்துத் தேய்வதும் அதுவாகவே இருக்கட்டும்.